புளி போட்ட கண்ணாடி

ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஸ்ட்ரோம்மனில் கோப்பை கழுவிய உணவகத்தை விட்டுப் பையோடு நடந்துகொண்டிருந்தேன். யாரும் துரத்தவில்லை. மூன்று மாதமானால் எனக்குக் கால் அரிக்கும். மறுநாள் காலை ரயிலில் வடக்கே துரொண்ட்ஹெய்முக்குப் போய் மீன் வேலை தேடுவதாக எண்ணம். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு எந்த ஊரிலும் அதே வேலைதான்.

கைபேசி அடித்தது. எல்லிங்ஸ்ருட்டில் தன் வீட்டுச் சோபாவில் என்னைப் படுக்கவிட்ட மட்டக்களப்பு அண்ணன், யாரையும் ஊர் வழக்கப்படி 'கா' என்பவர். ஒஸ்லோவில் ஒரு பழைய மாளிகையைத் துப்புரவு செய்பவர்.

"என்ன கா, வேலைய விட்டிட்டியாம்? இண்டைக்கு எனக்குக் கை குடு. திங்கக்கிழமை ஆக்கள் பார்க்க வாறாங்க."

போனேன். படிக்கட்டு திரும்பும் இடத்தில் இரண்டு ஆள் உயர ஜன்னல். முழுக்க வண்ணக் கண்ணாடி. நீலக் கடல், சிவப்புப் பாய்க்கப்பல், கரையில் கையசைக்கும் ஒரு பெண். மேகம் விலகியதும் நிறமெல்லாம் படிகளில் கொட்டியது. ஒரு படி ஏறிச் சிவப்பானேன். இரண்டு படி இறங்கி நீலமானேன். மறுபடி ஏறினேன்.

"யாழ்ப்பாணத்தான் கண்ணாடியே கண்டதில்ல போல."

"இப்பிடி எங்கை அண்ணை கண்டனான்!"

துண்டுகளை இணைக்கும் ஈயப் பட்டிகள் கறுத்திருந்தன. அண்ணன் வாளியில் பழப்புளி கரைத்து வைத்திருந்தார். "குத்துவிளக்கு மாதிரி மினுக்கிப்போடுவம்." எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. தேய்த்தேன். ஈயம் மினுங்கவில்லை. துணிதான் பழுப்பானது. நிமிர்ந்து பார்த்தால் கரையில் நின்ற பெண்ணுக்கு ஒரு புருவத்தைக் காணோம்.

"அண்ணை, இது ஊத்தையில்லை. தூரிகையாலை கீறினது."

அவர் படியில் இருந்துவிட்டார். "பன்னிரண்டு வருச வேலை கா. மூண்டு பிள்ளையள்." பிறகு, "நீ போ. நாளைக்கு ரயிலப் பிடி. நான் சமாளிக்கிறன்."

பை வாசலில் இருந்தது. போய்விடுவதுதான் என் வழக்கம். அன்று ஏனோ மாளிகையின் பொறுப்பாளர் பெண்மணியின் அறைக்குப் போய், எனக்குத் தெரிந்த அரைகுறை நொர்வேஜிய மொழியில், "தேய்த்தது நான். புளியும் என் யோசனை" என்றேன். பாதி பொய். அவர் ஓடிவந்து வாளியை முகர்ந்தார். சிரிக்கவில்லை. கண்ணாடி திருத்தும் பெண்ணை அழைத்துவிட்டு, "நாளைக் காலை நீயும் வா. எங்கெல்லாம் தேய்த்தாய் என்று காட்டவேண்டும்" என்றார்.

மறுநாள் காலை போனேன். கண்ணாடி திருத்துபவள் உருப்பெருக்கியோடு ஏணியில் நின்றாள். புளி பட்ட ஒவ்வொரு இடத்தையும் காட்டினேன். புருவத்தைத் திரும்பத் தீட்டலாம் என்றாள். அண்ணன் வேலை போகாமல், ஓர் எச்சரிக்கையோடு மட்டும் தப்பினார். அவளுடைய உதவியாளுக்குக் காய்ச்சல். கண்ணாடியில் படாமல் எட்ட நின்று காட்டிய என் விரல்களைப் பார்த்து, "பயந்த கைதான் இதற்கு வேண்டும்" என்று மென்மயிர்த் தூரிகை ஒன்றைத் தந்தாள். தூசி மட்டும் தட்டவேண்டும். ஒரு துளி தண்ணீர் கூடாது.

"மெல்லமா கா, மெல்லமா," என்றார் அண்ணன் கீழிருந்து, வெறும் வாளியோடு.

துரொண்ட்ஹெய்ம் ரயில் புறப்படும் நேரத்தில் நான் தூசி தட்டிக்கொண்டே கப்பலின் பாய்க்கு வந்திருந்தேன்.