அவிழ்த்தெறிந்த கட்டு

கோபம் வந்தால் ஜெயரூபி கையைக் கழுவுவாள். நிலாவெளியில் ஒரு சின்ன கிளினிக்கில் பதினாறு வருடமாக நீரிழிவுக்காரரின் கால் புண்ணுக்கு மருந்து கட்டுகிறவள். கோபப்பட அங்கே காரணங்களுக்குப் பஞ்சமில்லை. சுடுமணலில் வெறுங்காலோடு நடந்தவர், குளிசையைப் பாதியில் நிறுத்தியவர் என்று எல்லாருக்கும் ஏச்சு விழும். “எங்களுக்கு வேண்டாம், மிஸ்ஸின்ர வாய்க்கு விறைப்பூசி போடுங்கோ” என்று காத்திருப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் புண்ணைத் துடைக்க அவளுடைய கைதான் வேண்டுமென்று வரிசையில் நிற்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாலையூற்றுத் தேவாலயத்தில் பழைய ஏற்பாட்டுப் பகுதியை வாசிப்பதும் அவள்தான்.

அண்ணன் கோணாமலை இறக்கக்கண்டியில் கடல் தொழில் செய்கிறவர். சீனி வருத்தம் உள்ள உடம்பு. வலது காலில் திருக்கை முள் குத்திய புண்ணை ஏழு கிழமை கட்டிக் கட்டி ஒரு பொத்தான் அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள். பிறகு இரண்டு கிழமையாக ஆளையே காணவில்லை. போன் அடித்தால் எடுப்பதுமில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மருந்துப் பையையும் கால் கழுவும் பேசினையும் தூக்கிக்கொண்டு ஸெய்னுதீனின் ஓட்டோவில் ஏறினாள்.

வீட்டில் அண்ணி யோகம்மா மட்டும் இருந்தாள்.

“அவர் சுகமாயிட்டார் மச்சாள். சுகமளிக்கும் கூட்டத்தில கட்டை அவிழ்த்து மேடையில எறிஞ்சவர். குளிசையும் விட்டிட்டார்.”

“ஆர் சொல்லி?”

“போதகர்தான். நாகமான் எண்ட குஷ்டரோகி ஏழு தரம் யோர்தானில முங்கிச் சுகமானமாதிரி, ஏழு நாள் களப்பில முங்கச் சொன்னவர். ஆறு நாள் முடிஞ்சுது. இண்டைக்கு ஜெபக்கூடத்தில சாட்சி சொல்லப் போயிட்டார்.”

கடலோரக் களப்பின் அழுக்குத் தண்ணீரில் திறந்த புண். ஜெயரூபி கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். பிறகு, “ஸெய்னுதீன், ஓட்டோவைத் திருப்புங்கோ” என்றாள்.

ஜெபக்கூடத்தின் தகரக் கூரையின் கீழே நூறு பேர் இருந்தார்கள். முன்கதிரையில் கோணாமலை. கண்ணில் காய்ச்சல் தெரிந்தது. வலது காலில் மட்டும் சொக்ஸ்.

“அண்ணா, காலைக் காட்டுங்கோ.”

“மானத்தை வாங்காத ரூபி. நான் சுகமாயிட்டன்.”

“சுகமான காலுக்கு ஏன் சொக்ஸ்? குளிருதோ?”

பின்னால் ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சகோதரி,” என்றார் போதகர் மைக்கில். “மருந்தை நம்பினால் கர்த்தர் எப்படிச் சுகம் தருவார்?”

“எசேக்கியா ராசாவுக்கு எப்படித் தந்தவர்? சாகக் கிடந்த மனிசன் சுவரைப் பார்த்து அழுதார். கண்ணீரைக் கண்டன், சுகமாக்குறன் எண்டு ஆண்டவர் சொல்லி அனுப்பினார். பிறகு ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்தைப் புண்ணில பத்துப் போடச் சொன்னார். ஆண்டவர் வாக்குக் குடுத்த புண்ணுக்கு மருந்து! அதையும் அவிழ்த்து எறியச் சொல்லுவீங்களோ?”

“அது பழைய ஏற்பாடு. இயேசு வந்த பிறகு...”

“நாகமானும் பழைய ஏற்பாடுதான். என்ர அண்ணனை முங்கவைக்க மட்டும் அது வேணும், என்ன?” அவளுடைய குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. “எசேக்கியாவின்ர கண்ணீரைக் கண்ட இரக்கம்தான் பிறகு குஷ்டரோகியைத் தொட்டது. புதுசா ஒண்டும் வரேல்ல. ஊர் முழுக்கத் தள்ளி நிக்க, இயேசு கிட்டப் போய்க் கையை வச்சவர். நீங்கள் இந்தக் காலை ஒருக்காத் தொட்டுப் பாத்தனீங்களோ ஐயா?”

போதகர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். ஜெயரூபி சீமெந்துத் தரையில் முழந்தாளிட்டுச் சொக்ஸைக் கழற்றினாள்.

நாற்றம் எழுந்தது. முன்வரிசைக் கதிரைகள் கறகறவென்று பின்னுக்கு நகர்ந்தன. இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. அவள் பேசினைக் கீழே வைத்து, மருந்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவத் தொடங்கினாள். நெஞ்சு முழுக்கக் கெட்ட வார்த்தை. விரல்கள் மட்டும் அவசரப்படாமல் வேலை செய்தன.

கோணாமலை காலைப் பார்க்கவில்லை. போதகரைப் பார்த்தார். நாலடி தள்ளி நின்ற போதகர் லேஞ்சியால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

“நாறுதோ ரூபி?” என்று மெல்லக் கேட்டார் அண்ணன்.

“ஓம். நல்லா நாறுது.”

அவர் காலை அவள் பக்கம் இன்னும் நீட்டினார். “கட்டு,” என்றார் பிறகு.

“கட்டுறன். நேரே ஆஸ்பத்திரி. கதை ஒண்டும் வேண்டாம்.”

இரண்டு விரல்கள் போயின. இன்னும் இரண்டு நாள் பிந்தியிருந்தால் முழங்கால்வரை எடுத்திருப்போம் என்றார் டொக்டர். வாட்டுக்கு வெளியே குழாயைத் திறந்து ஜெயரூபி கழுவினாள், கழுவினாள். ‘கண்ணீரைக் காண்கிறவர் எண்டு ஊருக்கு வாசிச்சுக் காட்டுறன். இந்தக் காலை ரெண்டு கிழமை முந்திக் கண்டிருந்தால் என்ன?’ என்று ஆண்டவரிடமும் ஏசினாள். “தண்ணி வீணாப் போகுது” என்று ஒரு சிற்றூழியர் வந்து குழாயை மூடினார்.

அடுத்த கிழமை கிளினிக் வாசலில் ஜெபக்கூடத்து ஆட்கள் மூன்று பேர் நின்றார்கள். மூவருமே மேடையில் கால் கட்டை அவிழ்த்து எறிந்தவர்கள். அன்று சிரித்த பெண் முதலில் வந்து, வெட்கத்தோடு குதிக்காலை நீட்டினாள்.

“செருப்பு எங்க?” என்று பாய்ந்தாள் ஜெயரூபி. “விசரே உங்களுக்கு? எத்தினை நாளாக் கட்டாமல் விட்டனீங்கள்?”

ஏச்சு நிற்கவில்லை. ஏசிக்கொண்டே முழந்தாளிட்டு, அந்தக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்தாள்.