காரோடு போனவள்

சித்தி யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் செருப்பைக் கழற்றுவாள். அடுத்து மூடிய கையைத் திறந்து, நகத்தளவு நீலப் பிளாஸ்டிக் துண்டு ஒன்றை மேசைமேல் வைப்பாள். கிளம்பும்போது மறக்காமல் எடுத்துக்கொள்வாள். கல்யாண வீடோ துக்க வீடோ, வருஷக்கணக்காக இது மாறியதில்லை. அக்கா மகள் சிறுமியாக இருந்தபோது அது ஏதோ மந்திரித்த பொருள் என்றே நம்பினாள். கணக்குப் பரீட்சைக்கு முந்தைய நாள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும் உண்டு.

அது பள்ளி வேனின் ஃப்யூஸ். அதைப் பிடுங்கிவிட்டால் எரிபொருள் பம்பு வேலை செய்யாது. சாவி போட்டுத் திருகினாலும் வண்டி கனைக்குமே தவிர ஓடாது. சித்தி வேன் ஓட்ட வந்த இரண்டாம் வருஷம், பிள்ளைகளை இறக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போன ஐந்து நிமிஷத்தில் எவனோ வேனைக் கிளப்பிக்கொண்டு போய், மூன்று தெரு தள்ளி ஒரு மதிலில் முட்டிவிட்டு ஓடிவிட்டான். உள்ளே பிள்ளை யாரும் இல்லை. இருந்திருந்தால்? அன்றிலிருந்து இருபது வருஷமாக ஃப்யூஸ் அவள் கையில்.

அக்கா மகளை வீட்டில் எல்லோரும் 'டிகிரி' என்றே கூப்பிட்டார்கள். குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள். மருந்துச் சீட்டு, பத்திரம், நோட்டீஸ், எது வந்தாலும் "டிகிரி, இதைக் கொஞ்சம் பாரு". தெரியாது என்று சொல்லும் உரிமை பட்டம் வாங்கிய அன்றே அவள் கையை விட்டுப் போய்விட்டது. அவள் அம்மா பக்கத்து நாட்டில் ஒரு விடுதியில் சமையல் வேலை பார்த்தாள். அங்கே ஈரத்தரையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆயிற்று. பஸ்ஸில் உட்கார்ந்து போகக் கூடாது, படுத்தபடிதான் ஊர் போய்ச் சேர வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எல்லோரும் டிகிரியைப் பார்த்தார்கள். டிகிரிக்குக் கார் ஓட்டத் தெரியாது.

"நான் ஓட்டுறேன்," என்றாள் சித்தி.

கார் மாமாவுடையது. அவருக்கு முகம் வெளிறியது. "நாலு தெருவுக்குள்ள வேன் ஓட்டுறதும் நாடு தாண்டுறதும் ஒண்ணா?"

"உன் காரு பொறந்ததுலேர்ந்து சந்தைக்கும் சலூனுக்கும்தானேண்ணே போயிருக்கு? அதுவும் கொஞ்சம் உலகத்தைப் பார்க்கட்டுமே." சொல்லிக்கொண்டே சித்தி ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து, எது பம்புக்கு உரியது என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தாள்.

"அடியே, என் வண்டியோட குடலை உருவாத!"

டிகிரி மூன்று நாள் இணையத்தில் தேடி நாற்பத்திரண்டு விதிகளைத் தொகுத்தாள். சீட்டில் பை வைக்காதே. ஆள் நடமாட்டமுள்ள இடத்தில் நிறுத்து. காகிதங்களின் அசல் உடம்போடு, நகல் காரோடு. எல்லாவற்றையும் அச்சடித்து ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டாள்.

எல்லையில் அதிகாரி சித்தியின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார். அதன் கீழே காரின் எண்ணை எழுதினார்.

"என்னத்துக்குடி என் பாஸ்போர்ட்டுல காரு நம்பரு?"

டிகிரி கீழே இருந்த பொடி எழுத்தைப் படித்தாள். "காரோட வந்தவங்க அதே காரோடதான் வெளியே போகணுமாம். அஞ்சாம் நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள."

"தொலைஞ்சுபோச்சுன்னா?"

"விசாரணை முடியற வரைக்கும் உன்னை விட மாட்டாங்க சித்தி."

"அப்ப உங்கம்மாவை யாரு கூட்டிட்டுப் போறது?" சித்தி சட்டென்று காரின் கூரைமேல் கை வைத்தாள், பிள்ளையின் தலையில் வைப்பது போல.

அந்த நாட்டில் எல்லோரும் சாலையின் வலது பக்கம் ஓட்டினார்கள். மாமாவின் காரிலோ ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான். அதனால் சித்தி சாலை ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு லாரி வந்துவிட்டால் அதைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. இடது சீட்டில் இருந்த டிகிரிக்குத்தான் தெரியும்.

ஒரு லாரியின் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது எதிரே ஒரு டேங்கர் வந்தது. டிகிரி பதறி, "ரைட்டு, ரைட்டு!" என்று கத்தினாள்.

சித்தி ஆக்ஸிலரேட்டரை மிதித்து லாரியைத் தாண்ட இடப்பக்கம் ஏறினாள். எதிரே டேங்கர் மலைபோல் நின்றது. எப்படி பிரேக் போட்டாள், எப்படி லாரியின் பின்னாலேயே திரும்ப நுழைந்தாள் என்று இருவருக்குமே பிறகு நினைவில்லை. ஒரு மரத்தடியில் நிறுத்தினாள்.

"கொல்லப் பாத்தியேடி!"

"வலது பக்கமே ஒதுங்கி வான்னு சொன்னேன் சித்தி!"

"ரைட்டுன்னா போன்னு அர்த்தம்! நீ பஸ்ஸுல போனதே இல்லையா? கண்டக்டர் ரைட்டுன்னா டிரைவர் என்ன செய்வான், ஓரமா ஒதுங்கி நிப்பானா? வலதுன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே. டிகிரி வாங்கினா தமிழ் மறந்துபோகுமா?"

நாற்பத்திரண்டு விதிகளில் இது இல்லை. இருக்கவும் முடியாது. இந்த ஒரு வார்த்தைக்கு நம் காதில் மட்டும் இரண்டு அர்த்தம் என்று இணையத்தில் விதி எழுதியவனுக்கு யார் போய்ச் சொல்வது? ஆனால் தனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தினமும் பஸ்ஸில்தானே கல்லூரிக்குப் போனாள்?

"இனிமே ரைட்டுங்கற பேச்சே வேணாம்," என்றாள் சித்தி.

"போ, பொறு. அப்படிச் சொல்லட்டுமா?"

"நீ 'பொ'ன்னு ஆரம்பிக்கறதுக்குள்ள நான் போயிருப்பேன். எங்க வேன் பாஷையிலயே சொல்லு. பின்னாடியே இருக்கணும்னா 'உக்காரு'. தாண்டலாம்னா 'எந்திரி'."

அடுத்த இருபது கிலோமீட்டருக்கு டிகிரி 'உக்காரு' தவிர வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு செங்கல் லாரியின் பின்னால் ஊர்ந்தார்கள்.

"ஏண்டி, செங்கல்லை எல்லாம் எண்ணி முடிச்சுட்டேன். எந்திரிக்க விடுவியா மாட்டியா?"

"தப்பா சொல்லிட்டா என்ன பண்றது சித்தி? பயமா இருக்கு."

"எனக்கு மட்டும் இல்லையா? பயந்துக்கிட்டே பாரு. கண்ணை மூடிடாத."

சாலை நேராக விரிந்த ஓர் இடத்தில், டிகிரியின் முதல் 'எந்திரி' வந்தது. கார் லாரியைத் தாண்டி வெளிச்சத்துக்குள் பாய்ந்தது.

ஐந்தாம் நாள்தான் அம்மாவை விட்டார்கள். சித்தி ஆஸ்பத்திரி வாசலருகே காரை நிறுத்தி, ஃப்யூஸைப் பிடுங்கி, பாஸ்போர்ட்டோடு இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். கையெழுத்தெல்லாம் முடிந்து, சக்கர நாற்காலியில் அம்மாவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது மணி ஒன்று. காரின் இடது முன்கதவு திறந்து தொங்கியது.

சித்தி காரைச் சுற்றி வந்தாள். திருடன் தன் ஊர்ப் பழக்கத்தில் இடது கதவின் பூட்டை நெம்பி உடைத்திருக்கிறான். உட்கார்ந்த பிறகுதான் ஸ்டியரிங் அந்தப் பக்கம் இல்லை என்று தெரிந்திருக்கும். நகர்ந்து வந்து சாவித் துவாரத்தைக் குடைந்த தடமும் இருந்தது. வண்டி கனைத்திருக்கும், ஓடியிருக்காது. ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

சித்தி ஃப்யூஸைச் செருகிச் சாவியைத் திருகினாள். என்ஜின் உறுமியது. அவள் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. "நாப்பத்திரெண்டு விதியையும் படிச்சுட்டு இனியாவது ஒழுங்கா ஓட்டட்டும் பாவி!"

ஆனால் கதவு சாத்தவில்லை. டிகிரி உட்கார வேண்டிய பக்கம் அது. எல்லைக்கு மூன்றரை மணி நேரப் பயணம். நேரத்தைப் பார்த்தாள் சித்தி, சிரிப்பு நின்றது.

பக்கத்தில் நின்ற ஆம்புலன்ஸிலிருந்து அதன் டிரைவர் இறங்கி வந்தார். பாஷை தெரியாது. பாஸ்போர்ட்டில் இருந்த எண்ணையும் கடிகாரத்தையும் சித்தி மாற்றி மாற்றிக் காட்டினாள். அவர் கதவை இரண்டு தடவை சாத்திப் பார்த்தார். பிறகு சட்டென்று தன் இடுப்பிலிருந்த பெல்ட்டை உருவி, கதவின் உட்புறக் கைப்பிடியில் கோத்து, சீட்டின் இரும்புக் காலோடு இழுத்துக் கட்டினார். காலை ஊன்றி இன்னும் ஓர் இழுப்பு. கதவு அசையவில்லை. கார் நகர்ந்தபோது, ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போ, போ என்று விரட்டினார்.

டிகிரி சித்தியின் பக்கமாக ஏறித் தன் சீட்டுக்கு வந்திருந்தாள். அம்மா பின்சீட்டில் தலையணைகளுக்கு நடுவே படுத்திருந்தாள்.

"உக்காரு, உக்காரு!" என்றாள் டிகிரி, எதிரே வந்த பஸ்ஸைப் பார்த்து.

பின்னால் முனகல் கேட்டது. "டாக்டர் படுக்கச் சொன்னாரேடி. நீ எதுக்கு என்னை உக்காரச் சொல்றே?"

"உன்னை இல்லம்மா, சித்தியை!"

"அவ உக்காந்துதானே ஓட்டுறா?"

சித்தி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குள் சாலை நீண்டு காலியாகக் கிடந்தது. "எந்திரி சித்தி!" என்றாள் டிகிரி. குரல் நடுங்கவில்லை. மரம் ஏற்றிய லாரி, வைக்கோல் வண்டி, டிராக்டர். அன்று பதினேழு முறை எந்திரித்தார்கள். மழை தூறிய இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தே வந்தார்கள். மணி பறக்கிறதே என்று சித்தி ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிகிரி சொல்லும்வரை அவள் கால் அழுத்தவில்லை.

எல்லையை அடைந்தபோது ஐந்து அடிக்கப் பத்து நிமிஷம். அதிகாரி எண்ணை ஒப்பிட்டார், காரைச் சுற்றினார், பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். முத்திரை விழுந்தது. எல்லை தாண்டி, சொந்த நாட்டுச் சாலையில் இடது ஓரத்துக்கு மாறியதும் சித்தி ஜன்னலை இறக்கி, நீளமாக ஒரு ஹார்ன் அடித்தாள். யாருக்கும் இல்லை, சும்மா.

மாமா வாசலிலேயே நின்றிருந்தார். "ஒரு கீறல் இல்லாம கொண்டு வரேன்னியே?"

"கீறலே இல்லண்ணே. பூட்டுதான் இல்ல."

அவர் தங்கையை முறைத்தார். பின்சீட்டில் அக்காவைப் பார்த்ததும் பின்கதவைத் திறக்க ஓடினார். மறுநாள் கதவு சரிசெய்யப் போன பட்டறையில், "நாடு தாண்டிப் போய்ட்டு வந்த வண்டி, பார்த்துச் செய்ங்க," என்று மெக்கானிக்கிடம் மூன்று தடவை சொன்னாராம்.

பெல்ட்டைச் சித்தி எடுத்து வைத்துக்கொண்டாள். பழுப்புத் தோல், ஆணியால் குத்திய இரண்டு கூடுதல் துளைகள். டிகிரி அந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு கடிதம் எழுதினாள், பதில் இல்லை. பெயர் தெரியாத ஆளைப் பற்றிக் கேட்டால் யார் பதில் போடுவார்கள்? புதிதாக ஒன்று வாங்கி அனுப்பலாம் என்று மாமா சொன்னபோது சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. "கட்டின பெல்ட்டையே கொண்டுபோய்க் கையில கொடுக்கணும். அந்த மனுசன் எப்படி வீட்டுக்குப் போனாரோ?" அடுத்த பள்ளி விடுமுறையில் என்றாள். அந்த விடுமுறை வந்தது, போனது. அதற்கடுத்ததும் போய்விட்டது. பெல்ட் இன்னும் சித்தி வீட்டில்தான் இருக்கிறது.