நாற்பது மாடுகள்

ஆரின் ப்ரூயிட்டுக்கு எழுபத்தொன்பது வயதானபோது சினிமாக்காரர்கள் எங்கள் பக்கம் வந்தார்கள். அது 1946, கோடைக்காலம். டெக்சஸிலிருந்து கான்சாஸ் ரயிலடிக்கு மாடு ஓட்டிப்போன காலத்துக் கதை எடுத்தார்கள். அப்படி நிஜமாகவே போய்வந்தவர் யாராவது உயிரோடு இருக்கிறாரா என்று அரிசோனா முழுக்க விசாரித்து, கடைசியில் ஆரினை யோசனை சொல்ல வைத்துக்கொண்டார்கள். வாடகைக்கு வந்த மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு.

கதையில் பத்தாயிரம் மாடு. வந்திருந்ததோ ஆயிரத்து நானூறு. கேமராவைத் தாண்டியதும் குன்றுக்குப் பின்பக்கமாக வளைத்து, அவற்றையே மறுபடியும் ஓட்டிவருவோம்.

"இந்தக் கொம்பு ஒடிஞ்சவன் மூணாவது தடவை வர்றான். அவன் பேரையும் திரையில போடச் சொல்லுங்க," என்றேன்.

ஆரின் சிரிக்கவில்லை. இயக்குநர் ஹாஸ்கெல்லிடம், "பத்தாயிரத்தை ஒரே மந்தையா எவனும் ஓட்டினதில்ல தம்பி. தண்ணி காட்டவே முடியாது. நாங்க போனப்ப ரெண்டாயிரத்து நூறு மாடு, பதினோரு ஆளு. அதுவே பெரிய மந்தை," என்றார்.

"ரெண்டாயிரத்தைப் பார்க்க யாரு பெரியவரே டிக்கெட் வாங்குவா?" என்றார் ஹாஸ்கெல். "மாடு மிரளுற காட்சியை உங்க அண்ணன் செத்த மாதிரியே எடுக்கப்போறோம். மொத்த மந்தையும் அவர் மேல ஓடும்."

ஆரினின் அண்ணன் டெல் மந்தையில் மிதிபட்டுச் செத்த கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆயிரக்கணக்கான மாடுகள் ஒரே நேரத்தில் மிரண்டு ஓடின என்றுதான் ஆரின் சொல்லியிருந்தார்.

அந்தக் காட்சியை எடுத்த அன்று, அண்ணன் போட்டிருந்தது போன்ற சட்டையை வைக்கோல் பொம்மைக்கு மாட்டி மண்ணில் கிடத்தினார்கள். துப்பாக்கி வெடித்தது. ஆயிரத்து நானூறும் ஓடின. புழுதி அடங்கியபோது ஆரின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நாப்பது," என்றார்.

"என்னது பெரியவரே?" என்றேன்.

"மந்தை மிரளவே இல்லப்பா. ஆலங்கட்டி மழை. நான் காவல் காக்க வேண்டிய பக்கத்திலேர்ந்து நாப்பது மாடு பிச்சுக்கிட்டு ஓடுச்சு. நான் அங்க இல்ல. தலையில அடி விழுதுன்னு குதிரைச் சேணத்தைக் கழட்டி, அதுக்கடியில படுத்துக்கிட்டேன். டெல் தனியா மடக்கப் போனான். குதிரை வழுக்கிருச்சு. ரெண்டாயிரம்னா யாராலயும் திருப்ப முடியாது. நாப்பதுதானே? இன்னொருத்தன் இருந்திருந்தா திருப்பியிருக்கலாம்."

அவருடைய குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. தங்கை லியோட்டாவின் வீட்டுக்குப் போயிருந்தார். டெல் செத்தபோது அவளுக்குப் பத்து வயது. அடுப்படி மேசையில் பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னாராம். அவள் கை நிற்கவில்லை.

"உடனே போயிட்டானா அண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

"உடனேன்னுதான் அம்மாகிட்ட சொன்னேன். இல்லம்மா. சாயங்காலம் வரைக்கும் இருந்தான். தண்ணி கேட்டான்."

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

"சரி, இப்ப நீ கிளம்பு," என்றாள் லியோட்டா.

நான்கு மாதம் அவள் அவர் முகத்தில் விழிக்கவில்லை. ஆரின் ஞாயிறுதோறும் போய், அவள் வேலிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புவார். டிசம்பரில் ஒரு நாள் அவளே கதவைத் திறந்து, "குளிருது, உள்ள வாண்ணே," என்றாள். இதை அவரே என்னிடம் சொன்னார்.

படம் வந்தபோது இருவரும் போகவில்லை. நான் டூசானில் போய்ப் பார்த்தேன். பத்தாயிரம் மாடு என்று கதாநாயகன் சொன்னதும் கொட்டகையே வாய் பிளந்தது. வைக்கோல் பொம்மை வந்தபோது நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த வசந்தத்தில் அண்ணனும் தங்கையும் பஸ் ஏறி, அன்று மந்தை போன வழியில் இருக்கும் ஓக்லஹோமாவுக்குப் போனார்கள். வாஷிடா ஆற்றங்கரையில் டெல்லைப் புதைத்த மேடு எதுவென்று ஆரினுக்குத் தெரியவில்லை. எல்லாம் உழுது கோதுமை போட்டிருந்தார்கள். நிலத்துக்காரனிடம் கேட்டுக்கொண்டு வரப்போரமாக ஒரு பலகை நட்டார்கள். பெயர், வயது இருபது, ஆண்டு 1884. அதன் கீழே, "எப்படிச் செத்தான்னும் எழுது," என்று லியோட்டா சொல்ல, ஆரின் மண்டியிட்டு, 'நாப்பது மாடு. தனியா மடக்கப் போனான்' என்று கத்தி முனையால் செதுக்கினார். முடிக்க மத்தியானம் ஆயிற்று.