பல்லால் கடித்து அறுத்த பெல்ட்

அம்பத்தூர் எஸ்டேட்டில், மலையேறுபவர்களுக்கான பை தைக்கும் யூனிட்டில் தைத்த பைகளைச் சரிபார்க்கும் கியூ.சி. வேலை நான் பார்த்தேன். தையலில் ஒரு நூல் பிசகினாலும் பை என்னைத் தாண்டிப் போகாது. டெய்லர்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

ஒரு நாள் ஓனர் கூப்பிட்டார். மேசைமேல் நாங்கள் தைத்த பை ஒன்று, இடுப்பு பெல்ட் அறுந்து கிடந்தது. "பூகம்பத்துல மாட்டினவரு கொண்டாந்திருக்காரும்மா. இன்னான்னு பாரு."

வடக்கே, எல்லோரும் ஏறப் போகும் ஒரு மலையில் பூகம்பம் வந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. என் தையல் விட்டு யாராவது விழுந்திருந்தால்?

பையைக் கொண்டுவந்தவர் எதிரே உட்கார்ந்திருந்தார், மேனாம்பேட்டு லேத் பட்டறைக்காரர் குணா. முன்பல் ஒன்று உடைந்திருந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்காமல், "எந்த இடத்துல தையல் பிரிஞ்சுது?" என்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"பிரியலக்கா. நாந்தான் அறுத்தேன்."

அவர் மனைவி செல்வி முதுகிலிருந்த பையின்மேல் பாறை உருண்டு உட்கார்ந்துவிட்டதாம். கல் பட்டு பக்கிள் நசுங்கித் திறக்க முடியாமல் போய்விட்டது. பெல்ட்டை உருவலாம் என்றால், நுனியை மடித்து மூன்று வரிசை தைத்திருந்ததால் அது பக்கிளைத் தாண்டி வரவில்லை. பெல்ட் நழுவுகிறது என்று முன்பு கம்ப்ளெயின்ட் வந்தபோது அப்படி மடித்துத் தைக்க யோசனை சொன்னது நான்தான்.

"கத்தி இல்ல. மேலேர்ந்து கல்லு உருண்டுகினே கீது. எல்லாரும் கீழ ஓடறாங்க. இவ, ஊட்ல புள்ளைங்க கீதுங்க, நீயாவது போய்யான்றா. எப்டிக்கா போறது? கூரா ஒரு கல்ல எடுத்துத் தேய்ச்சேன். மீதிய பல்லால கடிச்சேன்."

"அவங்க இப்ப..." என்று இழுத்தேன்.

"வாசல்ல ஆட்டோல குந்திகினு கீது. கால்ல கட்டு."

மடிப்பைக் காட்டி, "இது என்னால வந்ததுப்பா" என்று சொல்லிவிட்டேன். அழுகை வந்தது. ஓனர் முகம் இறுகியது.

"இப்டியாவும்னு உனக்கு இன்னாக்கா தெரியும்? புது பெல்ட் போட்டுக் குடு, போதும்" என்றார் குணா.

நானே மெஷினில் உட்கார்ந்து மடிப்பில்லாமல் தைத்தேன். பையை எடுத்துக்கொண்டு ஆட்டோவுக்குப் போனேன். செல்வி பையைத் திருப்பிப் பார்த்தார். "பழைய பெல்ட் எங்கக்கா?"

"குப்பைல போட்டேன்மா."

"ஐயோ, எடுத்துக் குடுக்கா. கட்டிகினு வந்த நாள்லேர்ந்து இந்த ஆளு ஒரு முழம் பூ வாங்கித் தந்ததில்ல. எனக்காகச் செஞ்சாருன்னு காட்ட அது ஒண்ணுதான் கீது."

குணா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஓடிப்போய்க் குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேடி எடுத்துவந்து கொடுத்தேன்.

அதன்பின் ஒவ்வொரு மாடலையும் நானே மாட்டிக்கொண்டு, ஒரே கையால் கழற்றிப் பார்த்துத்தான் பாஸ் போட்டேன். பை பிரியாமல் இருந்தால் என் வேலை முடிந்தது என்று அதுவரை நினைத்திருந்தேன். கியூ.சி.க்குப் புதிதாக வருகிறவர்களே, அந்தப் பையின் பெல்ட்டில் மாட்டிக்கொண்டு ஒருத்தி தன் புருஷனை ஓடிப் போகச் சொன்னாள். அதை நினைத்துக்கொண்டு தையலைப் பாருங்கள்.