செருப்பு விடும் இடத்தில் படித்த ஜெர்மன்

2008-ஆம் ஆண்டு கோடையில், எங்கள் விருத்தாசலத்தில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பீங்கான் ஃப்யூஸ் கட்டை செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். என் கணவர் இதே ஊரில் செராமிக் டிப்ளமோ படித்தவர். குஜராத்தில் டைல்ஸ் ஆலையில் வேலை பார்த்தார். அங்கே மெஷின் பூட்ட வந்த ஜெர்மன்காரர்களுக்கு அவர் வேலை பிடித்துப்போய், தங்கள் ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் மகளுக்கு இரண்டு வயது. அப்பா எங்கே என்று கேட்டால் செல்போனைக் காட்டுவாள். அதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வராது.

நாங்களும் அங்கே போய்விடலாம் என்றால் நடுவில் ஒரு பரீட்சை. மனைவிக்கு அடிப்படை ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும், அப்போதுதான் விசா என்று சட்டம் வந்திருந்தது. கணவர் ஒரு புத்தகமும் சி.டி.யும் அனுப்பி வைத்தார். நானும் படிக்க ஆரம்பித்தேன்.

எப்படிப் படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் கம்பெனியில் சூளையிலிருந்து வந்த ஒவ்வொரு கட்டையையும் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்லது. மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல், குப்பைக்குப் போய்விடும். அந்தக் குப்பையில் மேல்பூச்சு பூசாத வெள்ளைச் சில்லுகள் நிறையக் கிடக்கும், அதில் பென்சில் நன்றாக எழுதும். ஒரு சில்லுக்கு ஒரு வார்த்தை என்று எழுதி முந்தானையில் முடிந்துகொள்வேன். பஸ்ஸில், அடுப்படியில், கம்பெனியில் என்று எடுத்து எடுத்துப் பார்ப்பேன். நோட்டாக இருந்தால் மகள் இரண்டே நாளில் கிழித்திருப்பாள்.

காய்கறி, கிழமை, கடிகாரம் எல்லாம் வந்துவிட்டது. வராமல் அடம்பிடித்தது ஒரே ஒரு பாடம்தான், ஊர் சுற்றிப் பார்க்கிற பாடம். கோபுரம், பாலம், அரண்மனை, நுழைவாயில், பழமையான, உயரமான என்று பக்கம் பக்கமாக வார்த்தைகள். அதிலும் 'ஸேஹென்ஸ்வூர்டிஷ்கைட்' என்று ஒன்று. பார்க்கத் தகுந்த இடம் என்று அர்த்தமாம். அதை எழுத மட்டும் பெரிய சில்லாகத் தேட வேண்டியிருந்தது.

முதல் தடவை பரீட்சைக்குச் சென்னை போனேன். எழுத்துப் பரீட்சை சுமாராகப் போயிற்று. அடுத்தது பேச்சுப் பரீட்சை. நாலைந்து பேரை வட்டமாக உட்கார வைத்து, சீட்டில் உள்ள விஷயத்தை ஒருவரை ஒருவர் கேட்கச் சொல்வார்கள். பக்கத்தில் இருந்த பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, "உங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று என்னிடம் ஜெர்மனில் கேட்டான். அந்தப் பெரிய வார்த்தை எனக்குப் புரிந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் சட்டென்று பதில் சொன்னேன்.

"ஒன்றும் இல்லை."

பரீட்சை நடத்திய அம்மா நிமிர்ந்து பார்த்து, "ஒன்றுமே இல்லையா?" என்று பொறுமையாகக் கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, "இல்லை. வெயில்தான்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் யார் ஊரைப் பற்றிக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வோம். எங்க ஊர்ல என்னாங்க இருக்குது, வெயிலுதான் என்போம். அது ஒரு மரியாதை, ஒரு அடக்கம். ஜெர்மனில் அது வெறும் ஒற்றை வார்த்தைப் பதில். அடுத்த கேள்வியையும் அப்படியே ஒற்றை வார்த்தையில் முடித்தேன். கொஞ்ச மதிப்பெண் வித்தியாசத்தில் கவிழ்ந்தேன்.

சேதி கேட்டு போனில் கணவர் கோபப்படவில்லை. "நம்ம ஊர்ல ஒண்ணும் இல்லியா? அவ்ளோ பெரிய கோயில் நிக்குதே" என்றார்.

"கோயிலுக்குச் சாமி கும்பிடத்தானே போறோம், பாக்கவா போறோம்?" என்று எரிந்து விழுந்தேன். பேசி முடித்தபிறகுதான் யோசித்தேன். பிறந்ததிலிருந்து பழமலைநாதர் கோயிலுக்குப் போகிறேன். கோபுரத்துக்கு எத்தனை நிலை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கும்பிடும்போது கண்ணை மூடிக்கொள்வேன், மற்ற நேரம் மகள் எங்கே ஓடுகிறாள் என்று தரையைப் பார்ப்பேன். இரண்டு மாதத்தில் மறுபடி பரீட்சை. இந்தத் தடவையும் தோற்றால் பிள்ளை இன்னும் எத்தனை நாள் செல்போனை அப்பா என்று காட்டுவாளோ.

மறுநாளிலிருந்து கம்பெனி விட்டதும் மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, சில்லுகளோடு கோயிலுக்குப் போக ஆரம்பித்தேன். வாசலில் செருப்பு பார்த்துக்கொள்ள ஒரு அக்கா உண்டு. முப்பத்தைந்து வயது இருக்கும். செருப்பை வாங்கி, டோக்கன் கொடுத்து, அடுக்கில் வைப்பார். முதல் நாள் நான் அங்கேயே நின்று அண்ணாந்து பார்த்து ஏதோ முணுமுணுப்பதைக் கவனித்துவிட்டார்.

"ஏம்மா, அப்பலருந்து மேலயே பாத்துட்டு நிக்கற? எதுனா வுழுந்துரப் போவுதா?"

விஷயத்தைச் சொன்னேன். ஒரு சில்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்னா எழுதியிருக்குது?"

"துர்ம். கோபுரம்னு அர்த்தம்க்கா."

"அவங்க ஊரு கோபுரத்துலயும் பொம்மையெல்லாம் இருக்குமா?"

"இல்லக்கா, மொட்டையா கூம்பா இருக்கும்."

"அப்ப இதுக்கு அந்தப் பேரு பத்தாது" என்று சொல்லி, சில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டது. நான் உள்ளே போய்ப் பார்த்து, திரும்பி வந்து அவரிடம் பாடம் ஒப்பிப்பேன். வார்த்தையோடு விடமாட்டார். 'ஸாய்லெ' என்றால் தூண் என்பேன். "தூணுன்னா? வழவழன்னு இருக்குதா, எதுனா செதுக்கியிருக்குதா?" என்பார். எனக்குத் தெரியாது. மறுநாள் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வருவேன். 'ட்ரெப்பெ' என்றால் படி. ஆழத்துப் பிள்ளையாருக்கு இறங்குகிற படியைச் சொன்னேன். "எறங்கினா சில்லுன்னு இருக்குமா? மேல நிக்கறவங்க தெரிவாங்களா?" என்பார். நல்ல கண்டிப்பான டீச்சராக வாய்த்தாரே என்று மனசுக்குள் சிரித்துக்கொள்வேன்.

அவர் கேள்விக்குப் பயந்துதான் நான் பார்க்கவே ஆரம்பித்தேன். கோபுர வாசலுக்குள் இரண்டு பக்கச் சுவரிலும் ஆடுகிற பெண்கள் வரிசை வரிசையாக இருக்கிறார்கள். ஒருத்தி கால் மடக்கி நிற்கிறாள், ஒருத்தி காலைத் தலைக்கு மேலே தூக்குகிறாள், ஒருத்தி இடுப்பை ஒடித்துத் திரும்பிப் பார்க்கிறாள். இத்தனை வருஷம் அவர்கள் நடுவில்தான் நான் நடந்து போயிருக்கிறேன். ஒருத்தியின் முகம்கூட எனக்குத் தெரியாது. ஒருநாள் சாயங்கால வெயில் வாசல் வழியாகச் சரிந்து விழுந்தபோது அந்தக் கை கால்கள் எல்லாம் அசைகிற மாதிரி இருந்தது. பயமும் சந்தோஷமும் சேர்ந்து வந்து அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். களிமண்ணில் ஒரு விரற்கடைக் கட்டை விரிசல் இல்லாமல் வருவதற்கே கம்பெனியில் நாங்கள் படாத பாடு படுகிறோம். இவ்வளவு கல்லை எந்தக் கை இப்படி வளைத்தது என்று வாய்விட்டே கேட்டேன். பக்கத்தில் போன அம்மா ஒருத்தர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அதை அக்காவிடம் சொன்னபோது அவர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். கால் தூக்கியவளின் கை எப்படி இருந்தது என்று கேட்டார். நான் காட்டினேன். நடு வாசலில், செருப்புகளுக்கு நடுவில் நின்று.

பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை. "அக்கா, இன்னிக்கு நீங்களும் உள்ள வாங்க. நீங்க கை காட்டுறதையெல்லாம் நான் ஜெர்மன்ல சொல்றேன். எங்க தப்பு பண்றேன்னு தெரிஞ்சுரும்" என்றேன்.

அவர் டோக்கனை எண்ணிக்கொண்டே சிரித்தார்.

"நான் எங்கம்மா உள்ள வர்றது? செருப்ப யாரு பாத்துக்குவா?"

"அப்ப நீங்க எப்ப போவீங்க?"

"கோயிலு தொறக்கறதுக்கு முன்ன நான் வரணும். கடைசி ஆளு செருப்பப் போட்டுக்கிட்டுப் போனப்புறந்தான் நான் எந்திரிக்க முடியும். அப்பக் கதவு சாத்திருவாங்க. ஒம்பது வருசமா இப்பிடித்தான். சின்னப் புள்ளையில அம்மாகூட ஒருவாட்டி வந்தது, கொடிமரம் மட்டும் ஞாபகம் இருக்குது."

"லீவு போட்டா?"

"லீவு போட்டா வூட்டு வேலை கெடக்குது. நீதான் தெனம் வந்து சொல்றியே, அதுலயே பாத்துக்கறேன்."

பரீட்சைக்காக என்னைச் சோதிக்கிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவர் என் வழியாகக் கோயிலைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் கொண்டுவந்த அரைகுறை வார்த்தைகளை வைத்து உள்ளே தூண் தூணாக நிறுத்தியிருக்கிறார். அந்த வாசல் எனக்கு எப்போதும் திறந்தே இருந்தது. நானோ சென்னைக்குப் போய் எங்கள் ஊரில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டு வந்தவள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"எந்திரிங்கக்கா. நான் உக்காந்துக்கறேன்" என்றேன். ஒரு ஜோடி காணாமல் போனாலும் தன் தலைதான் உருளும் என்று தயங்கினார். கையைப் பிடித்து எழுப்பிவிட்டு அவர் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அக்கா முகத்தைக் கழுவி, புடவையைச் சரிசெய்துகொண்டு, இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

நான் பட்ட பாட்டைக் கேட்காதீர்கள். வேப்பூரிலிருந்து வேன் பிடித்து ஒரு கல்யாணக் கூட்டமே வந்து இறங்கியது. பதினேழாம் டோக்கனுக்கு எழுபத்தொன்றைக் கொடுத்துவிட்டேன். "இதெல்லாம் ஒரு வேலையாம்மா, இதுகூடப் பாத்துக் குடுக்கத் தெரியாதா?" என்று ஒரு பெரியவர் கத்தினார். கால்மணி நேரம் என்று போனவர் ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லை. வரட்டும், மெதுவாக வரட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

வந்தார். முகமே வேறாக இருந்தது. அழுதிருந்தார், ஆனால் அழுத முகம் இல்லை அது. என் காலடியில் தரையில் உட்கார்ந்தார். பிறகு என் முழங்காலில் கை வைத்துச் சொன்னார்.

"நீ பாதிதாம்மா சொல்லியிருக்க."

"ஆமாங்க்கா" என்றேன்.

"அந்தப் படியில எறங்கினேன் பாரு, ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு. இவ்ளோத்தையும் வெச்சிக்கிட்டா நான் வெளிய உக்காந்திருந்தேன்?"

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. இந்தத் தடவை எனக்கு வந்த சீட்டில் இருந்தது வார விடுமுறை. என்ன செய்வீர்கள் என்று எதிரில் இருந்த பெண் கேட்டாள். கோயிலுக்குப் போவேன் என்று ஆரம்பித்தேன். கோபுரம் உயரம். படி கீழே போகும், அங்கே குளிர்ச்சி. சுவரில் பெண்கள் ஆடுகிறார்கள். என் தோழி ஒன்பது வருஷம் வாசலில் உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமை உள்ளே போனாள். எல்லாம் பழையது, அவளுக்கு எல்லாம் புதிது. இவ்வளவும் உடைந்த ஜெர்மனில். இலக்கணம் கந்தலாகிக் கிடந்திருக்கும். பரீட்சை நடத்தியவர் பேனாவை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாஸ் செய்துவிட்டேன். விசா வரும்வரை ஒவ்வொரு வியாழனும் ஒரு மணி நேரம் அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்தேன். அக்கா ஒவ்வொரு வாரமும் வேறு வேறு மூலையைப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொன்னார். கடைசி வாரம் டோக்கன் ஒன்றுகூட மாறவில்லை.

ஜெர்மன் விமான நிலையத்தில் என் மகள் அப்பாவைப் பார்த்ததும் என் பின்னால் ஒளிந்துகொண்டாள். அவர் பேச ஆரம்பித்ததும் குரலை அடையாளம் கண்டு மெல்ல எட்டிப் பார்த்தாள். பிறகு அவர் தோளை விட்டு இறங்கவே இல்லை. அந்த வாரமே எங்களை ஒரு பெரிய மாதா கோயில் கோபுரத்தில் ஏற்றிக் காட்ட அழைத்துப் போனார். கீழே டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் நான் நின்றுவிட்டேன். அந்த ஊரில் நான் அந்நியரிடம் பேசிய முதல் வாக்கியம், "நீங்கள் மேலே போய்ப் பார்த்திருக்கிறீர்களா?" என்பதுதான். இன்றைக்கும் எந்த ஊரில் எந்தப் பெரிய இடத்தைப் பார்க்கப் போனாலும், வாசலில் உட்கார்ந்திருப்பவரிடம் அதைக் கேட்காமல் என்னால் உள்ளே கால் வைக்க முடிவதில்லை.