அக்கா சுட்டால்தான் அத்தான் விழுவார்

அக்கா, இந்த வருஷமும் நம்ம கோயில் திருவிழா நாடகத்தில் அத்தான்தான் வில்லன். உன்னைக் கட்டிக்கொண்டு கடியப்பட்டணத்துக்கு வந்ததிலிருந்து அந்த வேஷத்தை அவர் யாருக்கும் விட்டதில்லை.

முதல் வருஷம் ஞாபகம் இருக்கிறதா? கதாநாயகன் பொம்மைத் துப்பாக்கியை நீட்டினான். டிக். மறுபடியும் டிக். நெஞ்சில் கைவைத்து நின்ற அத்தான், "ஏலே, நான் சாவட்டா, நிக்கட்டா?" என்று கேட்டது மைக்கில் விழுந்துவிட்டது. கூட்டத்தில் ஒருத்தர், "கல்லெடுத்து எறிஞ்சாவது கொல்லுல!" என்று கத்தினார். அந்தச் சிரிப்பு முட்டம் வரை கேட்டிருக்கும்.

கதாநாயகன் துப்பாக்கிக்குள் போட்டு வெடிக்கிற கேப் சுருளைக் கால்சட்டைப் பையில் வைத்திருந்தானாம். வேர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து நமத்துவிட்டது.

"அடுத்த தடவ தோசக்கல்லுல சூடாக்கி எடுப்போம்" என்றான்.

"அப்ப நாடகம் அடுக்களையிலேயே முடிஞ்சிரும் மக்கா" என்றாய் நீ. "சாவிக்கொத்தோட பையில போட்டிருக்கிய. உரசி வெடிச்சிருந்தா தொட வெந்திருக்கும்."

மறுவருஷத்திலிருந்து மேடையில் வெறும் துப்பாக்கி. சத்தம், திரைக்குப் பின்னால் உன் கையிலிருந்த இன்னொரு துப்பாக்கியிலிருந்து. கேப் என்றால் என்ன, இரண்டு தாளுக்கு நடுவில் கடுகளவு மருந்து. துப்பாக்கியின் சின்னச் சுத்தியல் ஓங்கித் தட்டினால் மருந்து பற்றி, தாளைக் கிழித்து வெடிக்கும். அதற்கே நீ காட்டிய பவுசு! காதில் பஞ்சு. கையை நீட்டி, துப்பாக்கி வாயைத் தரைக்குத் திருப்பி, திரையை விட்டு விலகித்தான் சுடுவாய். பொறி பட்டால் திரை பற்றும் என்று பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். சுருளை மொத்தமாகக் கல்லால் குத்த வந்த பயல்களைத் துரத்துவாய். மிச்சச் சுருள் இறுக்கி மூடிய டப்பாவில், அடுப்பும் பிள்ளைகளும் எட்டாத அலமாரிக்குப் போகும்.

சுட்டதும் திரை ஓரமாக, "ஓய், செத்தாச்சு, விழும்!" என்பாய். அத்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு விழுவார்.

அப்புறம் ஒரு காய்ச்சல் வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இந்தத் தடவை மொபைலில் சத்தம் போடலாம் என்றார்கள். வேண்டாம், நான் சுடுகிறேன் என்றேன். உன் சத்தம் இல்லாமல் அத்தான் அந்த மேடையில் எப்படி விழுவார்? புதுச் சுருள், பஞ்சு, வாளி, எல்லாம் நீ வைத்தபடியே வைத்தேன்.

கதாநாயகன் துப்பாக்கியை நீட்டினான். சுட்டேன். டப்! ஒரு நொடிகூடப் பிந்தவில்லை.

அத்தான் விழவில்லை.

திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். கூட்டம் சலசலத்தது. "வில்லனுக்குக் காது கேக்கலியா?" என்று யாரோ கத்தினார்கள். எனக்குப் புரிந்துவிட்டது. எப்படிச் சொல்வேன் அக்கா, அந்த வார்த்தையை?

திரை ஓரமாகப் போய், "அத்தான்... செத்தாச்சு, விழும்" என்றேன்.

சிரித்தார். அப்படியே சரிந்தார். கை தட்டினார்கள். திரை மூடின பிறகும் எழுந்திருக்கவில்லை, முகத்தைப் பலகையில் புதைத்தபடி கிடந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சத்தம் நல்லாருந்துல. அவ வச்சது மாதிரியே" என்றார்.

இதைப் படிக்கிறவர்களே, எங்க அக்காவுக்காக ஒரு செபம் சொல்லுங்கள். வேறு சாமி கும்பிடுகிறவர்கள் உங்கள் சாமியிடம் சொன்னாலும் போதும். அவளுக்குச் சொல்லும்போது அத்தானையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.