ஒரு பொக்ஸ், நாலு வீடு

"இந்தப் போன் உங்கள் வீட்டைச் சேர்ந்ததல்ல" என்று போன வெள்ளிக்கிழமை ஒரு செயலி எனக்கு அறிவித்தது. சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு ஹோலில் இருந்துகொண்டு, கல்யாணம் முடித்துக் கல்முனைக்குப் போய்விட்ட என் மூத்த சகோதரர் காக்காவின் கணக்கில் கிரிக்கெட் பார்க்க முயன்றதற்குத்தான் இந்தப் பேச்சு. இலங்கை ஆடும் தொடருக்கு ஒரு செயலி, உலகக் கிண்ணத்துக்கு இன்னொன்று, உதைபந்தாட்டத்துக்கு வேறொன்று. செலவைக் குறைக்கலாம் என்றுதான் பக்கத்து வீடுகளோடு பங்கு போட்டுக் காசு கட்டிய டிஷ்ஷைக் கழற்றினோம். இப்போது மூன்றுக்கும் கட்டுவதைப் பார்த்தால் டிஷ் சும்மா கிடைத்தது போல இருக்கிறது. புதுப்பிக்கும் போதெல்லாம் விலையும் ஏறியிருக்கும். அது போகட்டும், எனக்கு வேறொரு கேள்வி. ஒரு வீடு எங்கே முடிகிறது என்று அந்தச் செயலிக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் சின்ன ஒழுங்கைத் தெருவில் அது யாருக்கும் திட்டமாகத் தெரியாது. டிஷ் பொக்ஸ் இருந்தது பக்கத்து வீட்டு சுலைஹா மாமியிடம். வளைகுடாவில் வேலை செய்த அவர் மகன் நிப்ராஸ் அனுப்பிய காசில் பூட்டியது. அதிலிருந்து ஒரு வயர் மதிலேறி, முருங்கையில் ஒரு சுற்றுச் சுற்றி எங்கள் வீட்டுக்கு வரும். பின்பக்க இரண்டு வீடுகளுக்கும் அப்படியே. பொக்ஸ் ஒன்று, ரிமோட்டும் ஒன்று. மாமி எதைப் பார்க்கிறாரோ அதுதான் நாலு வீட்டுக்கும்.

"மாமீ, மெச்சுக்கு மாத்துங்க!"

"பொறு புள்ள, இவள் புருசனோட கதைச்சி முடியட்டும்!"

அவள் அந்த நாடகம் முழுவதும் புருசனோடு கதைத்து முடிக்கவே இல்லை. இப்படிக் காத்திருந்தே நான் நாடகம் படித்தேன். மாமி கிரிக்கெட் படித்தார். "அந்தச் சுருட்ட முடிக்காரன் இன்னும் பந்து போடல்லியா?" என்று மதிலுக்கு மேலால் கேட்பார்.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, கடைசி ஓவர் தொடங்கும் நேரம், திரையிலிருந்து மைதானம் காணாமல் போய்ச் செய்தி வந்து நின்றது. நாலு வீட்டிலிருந்தும் கூச்சல். காக்கா மதிலில் ஏறியே விட்டார்.

"மாமீ! என்ன வேல இது? ஆறு பந்துதான் இரிக்கி!"

 அப்போதுதான் திரையைச் சரியாகப் பார்த்தோம். தொழிலாளர் தங்கும் கட்டடம் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. கீழே வளைகுடா ஊர் ஒன்றின் பெயர் ஓடியது.

"நிப்ராஸ்ட ஊர்டா அது" என்றார் உம்மா. கையிலிருந்த அகப்பையை வைக்காமலே முக்காட்டை இழுத்துக்கொண்டு நடந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பின்வீட்டு ஆட்களும் அங்கே நின்றார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மாமி ரிமோட்டோடு டீவிக்கு முன்னால் நின்றார்.

"போன் எடுக்கான் இல்லகா" என்றார் உம்மாவிடம்.

பின்வீட்டு மருமகன் ஒருவர் அதே ஊரில் இருந்தார். அவரைப் போனில் பிடித்தது காக்காதான். அவர் எங்கோ ஓடி, எங்கோ தேடி, கடைசியில் நிப்ராஸின் குரல் வந்தது.

"உம்மா, நான் வேல செய்ற இடத்தில நிக்கன். எரியிறது எங்கட கட்டடம் இல்ல, அங்கால உள்ளது. என்ட போன் ரூம்ல கெடக்கு."

 மாமி ரிமோட்டைக் காக்காவிடம் நீட்டினார். "இந்தா மகன், உன்ட மெச்சப் போடு." போட்டால் சவர்க்கார விளம்பரம் ஓடியது. யார் வென்றது என்று ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் இன்டர்நெட் வந்தது, வயர்கள் போயின. எனக்கு அதில் கவலை ஒன்றுமில்லை. விழுந்த விக்கட்டைப் பத்துத் தரம் திருப்பிப் பார்க்கிறவள் நான். ஆனால் ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு வேகம். ஒரே விக்கட் எங்கள் ஒழுங்கையில் இப்போது நாலு முறை விழுகிறது. பின்வீட்டில் கத்தினால் எனக்கு அடுத்த பந்தின் கதை தெரிந்துவிடும்.

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நிப்ராஸ் லீவில் வந்திருந்தார். முழங்கையில் நீளமாக ஒரு தையல். நோன்பு மாதத்தில் வேலையிடத்தில் விழுந்து, இரண்டு கிழமை ஆசுபத்திரியில் கிடந்தாராம்.

"ஒருத்தரும் சொல்லல்லியே!" என்றேன்.

"உம்மாக்குத் தெரியுமே. ஒவ்வொரு நாளும் வீடியோவில பாத்துட்டுத்தான் இருந்தா."

அந்த நோன்பு முழுக்க மாமி மதிலுக்கு மேலால் எனக்குக் கஞ்சி தந்தார். காதில் வயர், கையில் போன். நாடகம் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் கோப்பையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.